'ஐ வாஸ் ஷாக்டு' என்று எழுதும் முன்

சில வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டில் இருந்த ஒரு டிசைனரிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். நான் கேட்டதைவிடப் பல மடங்கு நன்றாக முடித்து அனுப்பியிருந்தார். பார்த்த சந்தோஷத்தில் உடனே பதில் தட்டிவிட்டேன்: 'ஐ வாஸ் ஷாக்டு வென் ஐ சா யுவர் டிசைன்.' அவ்வளவுதான், ஒரே வரி. அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மெயிலைத் திறந்தால் அவரிடமிருந்து ஒரு முழுப் பக்கம். மன்னிப்புக் கேட்டிருந்தார். எந்த இடம் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், வண்ணங்களை மாற்றிவிடலாம், வேண்டுமானால் முதலிலிருந்தே செய்து தருகிறேன் என்று வரிசையாக எழுதியிருந்தார். நான் பாராட்டியதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், அந்த மனிதர் என் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார்.

தமிழில் 'பார்த்ததும் ஷாக் ஆயிட்டேன்' என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம்முடைய ஷாக் பாதி நேரம் விளையாட்டுதான். நண்பன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் ஷாக், பரீட்சையில் எதிர்பாராமல் பாஸ் ஆனால் இன்ப ஷாக். ஆங்கிலத்தில் 'ஷாக்டு' இவ்வளவு இலகுவான சொல் இல்லை. கெட்டது ஏதோ நடந்துவிட்டது, அல்லது யாரோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டார்கள் என்ற வாடை அதில் அடித்துக்கொண்டே இருக்கும். நல்லதற்கும் சொல்வார்கள்தான், ஆனால் அப்போது 'ஷாக்டு அட் ஹவ் குட் இட் வாஸ்' என்று எது நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் ஒரு சின்ன முள் உண்டு: உன்னிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

சர்ப்ரைஸ் கதை இதற்கு நேர் எதிர். நாம் சர்ப்ரைஸ் என்றாலே மனதில் ஒரு பரிசுப் பொட்டலம் வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நல்லது கெட்டது கிடையாது, எதிர்பாராதது என்பது மட்டுமே அதன் பொருள். அதனால்தான் 'ப்ளெசன்ட் சர்ப்ரைஸ்' என்றும் 'நாஸ்டி சர்ப்ரைஸ்' என்றும் முன்னால் ஒரு அடைமொழி போட்டுப் பிரிக்கிறார்கள். பழைய பிரெஞ்சில் இதன் வேர்ச்சொல்லுக்குத் திடீரென்று மேலே பாய்ந்து பிடிப்பது என்று பொருள், ஆங்கிலத்துக்கு வந்தபோது எதிரிமேல் சொல்லாமல் கொள்ளாமல் நடத்தும் தாக்குதலைத்தான் அது குறித்தது. ஷாக்கும் போர்க்களத்திலிருந்து வந்ததுதான், இரண்டு படைகள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் அந்த முதல் மோதலுக்குப் பெயர். இரண்டையும் நாம் கடன் வாங்கி, ஒன்றைப் பரிசாகவும் இன்னொன்றை வேடிக்கையாகவும் ஆக்கிவிட்டோம். தமிழில் பேசும்வரை அதில் தப்பே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

எனக்கு உதவிய வழி ஒன்று இருக்கிறது. ஆங்கிலச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். முதலில் நான் உணர்ந்தது என்ன என்று தமிழில் சரியான சொல்லைத் தேடுகிறேன். ஷாக், சர்ப்ரைஸ் இரண்டுக்கும் தடை. திடுக்கிட்டேனா, திகைத்தேனா, வியந்தேனா, மலைத்தேனா, ஆடிப்போனேனா, வாயடைத்துப் போனேனா? நம்மிடம் இந்த வகைப்பாடு மிகத் துல்லியமாக இருக்கிறது. வியப்புக்குப் பழைய இலக்கணத்தில் மருட்கை என்று பெயர், அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்று அப்போதே பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்ச்சொல் சரியாக அமைந்துவிட்டால் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் தானாகப் பின்னால் வந்துவிடும்.

உடம்பு என்ன செய்தது?

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் ஒரு கை தோளில் விழுகிறது. தோள் இரண்டும் காதுவரை ஏறுகிறது, மூச்சு ஒரு நொடி நிற்கிறது, மவுஸ் கையை விட்டு நழுவுகிறது. திரும்பிப் பார்த்தால் தெரிந்த முகம். இரண்டு நொடியில் சிரித்துவிடுகிறீர்கள். இதுதான் திடுக்கிடுவது, இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்டில்டு'. சத்தம், தொடுதல், திடீரென்று எதிரில் வந்து நிற்பது போன்ற, உடம்பு முதலில் துள்ளி மனம் பிறகு புரிந்துகொள்ளும் விஷயங்களுக்குத்தான் இந்தச் சொல் நன்றாகப் பொருந்தும். வேலை போய்விட்ட செய்திக்கு இதைப் போட்டால் சப்பென்று இருக்கும். பேச்சில் 'யூ ஸ்டார்ட்டில்டு மீ' என்பதைவிட 'யூ ஸ்கேர்டு மீ', 'யூ மேட் மீ ஜம்ப்' என்பதைத்தான் அதிகம் கேட்கலாம். தூக்கிவாரிப் போட்டது என்போமே, அதற்கு 'ஐ நியர்லி ஜம்ப்டு அவுட் ஆஃப் மை ஸ்கின்'. தோலை விட்டே குதித்து வெளியே வந்துவிடப் பார்த்தேன் என்று அர்த்தம், கொஞ்சம் மிகைதான், நம்முடையது மட்டும் என்ன குறைச்சல்.

அடுத்தது திகைப்பு. ஒருவர் முகத்துக்கு நேராக எதிர்பாராத ஒரு கேள்வி கேட்கிறார், அல்லது எப்போதும் சாந்தமாக இருப்பவர் திடீரென்று வெடுக்கென்று பேசிவிடுகிறார். பதில் சொல்ல முடியாமல் அரை நிமிடம் அப்படியே நிற்கிறோம். 'ஐ வாஸ் டேக்கன் அபேக்.' இந்தத் தொடர் பாய்மரக் கப்பலிலிருந்து வந்தது. காற்று திடீரென்று திசை மாறி முன்னாலிருந்து அடித்தால் பாய்கள் பின்பக்கமாக அழுந்தி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருந்த கப்பல் அப்படியே தடைப்பட்டு நிற்கும். அந்தக் கப்பலை ஒரு தரம் மனக்கண்ணில் பார்த்துவிட்டால் இந்தத் தொடரை எங்கே போடுவது என்று அப்புறம் சந்தேகமே வராது. மனிதர்கள் சொன்ன வார்த்தைக்கும் நடந்துகொண்ட விதத்துக்கும் இது கச்சிதம். முக்கியமாக, அலுவலகக் கடிதத்தில் தயங்காமல் எழுதலாம். கோபம் தெரியும், மரியாதையும் கெடாது.

வாயடைத்துப் போனால் 'ஸ்பீச்லெஸ்', 'லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்'. இரண்டும் நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. இன்னும் பலமாகச் சொல்ல 'டம்ஃபவுண்டட்' இருக்கிறது, ஊமையாக்கிக் குழப்பியடித்த நிலை என்று அதன் இரண்டு பாதிகளும் சேர்ந்து சொல்கின்றன. வாயைப் பிளந்தால் 'மை ஜா டிராப்டு'. தாடை கீழே தொங்கிவிட்டது. நாம் வாயைச் சொல்கிறோம், அவர்கள் தாடையைச் சொல்கிறார்கள், படம் ஒன்றுதான்.

பிரிட்டிஷ்காரர்களிடம் 'காப்ஸ்மாக்டு' என்று ஒன்று உண்டு. 'காப்' என்பது வாய்க்குக் கொச்சைச் சொல், 'ஸ்மாக்' என்றால் அறை. வாயில் ஒரு அறை விழுந்த மாதிரி, அல்லது அதிர்ந்துபோய்க் கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்ட மாதிரி, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு பேசும்போது அருமையாக இருக்கும், விண்ணப்பக் கடிதத்தில் போட்டுவிடாதீர்கள். 'ஃப்ளாபர்காஸ்டட்' என்ற சொல்லுக்கு இன்றுவரை யாருக்கும் வேர் தெரியாது. 1772-இல் புதிதாகக் கிளம்பிய நாகரிகச் சொற்களைக் கேலி செய்து எழுதியவர்கள் இதையும் சலிப்பைக் குறிக்கும் 'போர்டு' என்பதையும் ஒன்றாகச் சேர்த்துக் கிண்டலடித்திருக்கிறார்கள். இரண்டரை நூற்றாண்டு ஆகியும் அதில் அந்தக் கோமாளித்தனம் போகவில்லை. வாயில் நுழைவதற்கே ஒரு பயிற்சி வேண்டும், அதனால்தானோ என்னவோ ஆங்கிலம் கற்பவர்களுக்கு அதன்மேல் ஒரு காதல். மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

வியப்புக்கு வருவோம். 'அமேஸ்டு' பெரும்பாலும் நல்ல பக்கம் சாயும். 'அஸ்டானிஷ்டு' அதைவிடக் கனம், நல்லது கெட்டது இரண்டுக்கும் வரும், கொஞ்சம் எழுத்துநடை. 'அஸ்டவுண்டட்' இன்னும் ஒரு படி மேலே. இந்த இரண்டுக்கும், உறைந்து போவதைச் சொல்லும் 'ஸ்டன்டு' என்பதற்கும் வேர் ஒன்றே: இடியைக் குறிக்கும் லத்தீன் சொல். தலையில் இடி விழுந்த மாதிரி என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் ஒரே சொல்லுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். இடி மறந்துபோய்ச் சொல் தேய்ந்ததும், பச்சையாக 'தண்டர்ஸ்ட்ரக்' என்று மறுபடியும் ஒன்றைச் செய்துகொண்டார்கள், அது வேறு விஷயம்.

இதே மாதிரி இன்னும் இரண்டு ஜோடிகள் உண்டு. முகம் வெளிறிப் போவது நமக்குத் தெரியும். 'அப்பால்டு' என்ற சொல் பிறந்ததே பழைய பிரெஞ்சில் வெளிறிப்போவதைக் குறித்த வினையிலிருந்துதான். ஆனால் இன்று அதில் வெறும் பயம் இல்லை, ஒழுக்கம் சார்ந்த அருவருப்பு இருக்கிறது. ஒரு முதியவரை யாரோ அவமானப்படுத்தியதைப் பார்த்தால் 'ஐ வாஸ் அப்பால்டு'. மழையில் நனைந்துவிட்டதற்கு அதைச் சொல்ல முடியாது. பேயறைந்தது போல நிற்பதற்கு 'அகாஸ்ட்'. பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்ற சொல்லுக்கு அது சொந்தக்காரச் சொல், எழுத்துக்கூட்டலில் நடுவில் ஒரு ஹெச் வந்து உட்கார்ந்ததும் அந்த உறவால்தான். இது பேச்சில் குறைவு, கதைகளில் அதிகம்.

மலைப்புக்கு 'ஸ்டேகர்டு'. தள்ளாடுவது என்பது அதன் நேர்ப்பொருள். பெரிய எண்ணிக்கை, பெரிய செலவு, பெரிய வேலை, இவற்றைப் பார்த்துக் கால் தடுமாறுவது போல ஆகும்போது போடலாம். ஆடிப்போவதற்கு 'ஷேக்கன்'. இதில் கவனிக்க வேண்டியது நேரம். 'ஷாக்டு' நடந்த கணத்தைச் சொல்கிறது. விபத்து முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் கை நடுங்கிக்கொண்டிருந்தால் அது 'ஷேக்கன்'. அடி எதுவும் இல்லை, ஆனால் ஆடிப்போயிருக்கிறார் என்பதை 'ஹி இஸ் நாட் ஹர்ட், ஜஸ்ட் ஷேக்கன்' என்பார்கள். மருத்துவர் ஒருவர் 'ஷாக்' என்றால் இந்த இரண்டுமே இல்லை, உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத ஆபத்தான நிலை அது. செய்தியில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு 'ஏதோ பயந்துட்டாராம்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

நல்ல விஷயத்தில் நம்மை அப்படியே கவிழ்த்துவிட்டால் 'ப்ளோன் அவே' அல்லது 'போல்டு ஓவர்'. முதலாவது காற்று அடித்துக்கொண்டு போனது, இரண்டாவது உருண்டு வந்த பந்து தட்டி விழுத்தியது. 'ஃப்ளோர்டு' என்றால் தரையில் விழுந்தே விட்டோம், இது இரண்டு பக்கமும் வரும். என் டிசைனருக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இந்த வரிசையில் முதலாவதை.

'வெரி' எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது

'வெரி சர்ப்ரைஸ்டு' சரி. 'வெரி ஷாக்டு' போனால் போகிறது. 'வெரி அஸ்டவுண்டட்', 'வெரி ஸ்டன்டு' கேட்கவே உறுத்தும். காரணம் எளிது. சர்ப்ரைஸ் கூடலாம் குறையலாம், கொஞ்சம் ஆச்சரியம் உண்டு, நிறைய ஆச்சரியம் உண்டு. ஆனால் இடி விழுந்த சொற்களுக்குள் 'மிக' என்பது ஏற்கெனவே அடங்கிவிட்டது. தமிழில் 'மிகவும் வாயடைத்துப் போனேன்' என்று சொல்ல மாட்டோம் இல்லையா, அதே கணக்கு. இவற்றை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'அப்சொல்யூட்லி ஸ்டன்டு', 'கம்ப்ளீட்லி டேக்கன் அபேக்', 'அட்டர்லி அஸ்டானிஷ்டு' என்று முழுமையைக் குறிக்கும் சொல்லோடு சேர்க்க வேண்டும். மறுபக்கம், குறைத்துச் சொல்ல 'எ பிட் சர்ப்ரைஸ்டு', 'எ லிட்டில் டேக்கன் அபேக்' உண்டு, 'எ லிட்டில் அஸ்டவுண்டட்' என்றால் சிரிப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறைத்துச் சொன்னால் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. குறிப்பாக பிரிட்டிஷ் வழக்கில், 'ஐ வாஸ் ராதர் சர்ப்ரைஸ்டு டு ஃபைண்ட் தட் த ரிப்போர்ட் வாஸ் நாட் ரெடி' என்று மேலதிகாரி எழுதினால் அவர் ஆச்சரியத்தில் கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கடுப்பில் இருக்கிறார். உடனே போய் அறிக்கையை முடியுங்கள். இந்த மாதிரி இடத்தில் 'டிஸ்மேய்டு' வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏமாற்றமும் கவலையும் சேர்ந்த அதிர்ச்சி அது.

ஐ ஆம் ஷாக்கிங், ஐ காட் ஷாக்

இலக்கணத்தில் ரொம்ப நேரம் இருக்க மாட்டேன், நாம் தொடர்ந்து சறுக்கும் இடங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். உணர்ந்தவருக்கு 'ஈடி' (-ed) விகுதி, உணர வைத்த பொருளுக்கு 'ஐஎன்ஜி' (-ing) விகுதி. செய்தி 'சர்ப்ரைசிங்', நான் 'சர்ப்ரைஸ்டு'. 'ஐ ஆம் ஷாக்கிங்' என்று சொன்னால் நான் அதிர்ச்சி அடைந்தேன் என்று ஆகாது, என்னைப் பார்த்தால் மற்றவர்கள் அதிர்வார்கள் என்று ஆகும். பிரிட்டிஷ் பேச்சில் 'ஷாக்கிங்' என்றால் படுமோசம் என்ற பொருளும் உண்டு, 'மை ஹேண்ட்ரைட்டிங் இஸ் ஷாக்கிங்' என்று தன் கோழிக் கிறுக்கலைத் தானே சொல்லிக்கொள்வார்கள். அந்த வகையில் 'ஐ ஆம் ஷாக்கிங்' என்று நாம் சொல்லும்போது நம்மை நாமே நன்றாகத் திட்டிக்கொள்கிறோம்.

'ஷாக் ஆயிட்டேன்' என்பதை அப்படியே தூக்கி 'ஐ பிகேம் ஷாக்' என்றோ 'ஐ காட் ஷாக்' என்றோ எழுதுவது இன்னொன்று. 'ஐ காட் ஷாக்டு' என்று திருத்தினாலும் கேட்பவருக்கு முதலில் மின்சாரம்தான் ஞாபகம் வரும், எந்த ஒயரைத் தொட்டாய் என்று கேட்பார். 'ஐ வாஸ் ஷாக்டு' போதும். பெயர்ச்சொல்லாகவே வேண்டும் என்றால் 'இட் கேவ் மீ எ ஷாக்', 'இட் கேம் அஸ் எ ஷாக்'. இந்த 'இட் கேம் அஸ் எ' என்ற அமைப்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் சர்ப்ரைஸ் போடலாம், ஷாக் போடலாம், முன்னால் 'நைஸ்', 'டெரிபிள்' என்று எதையும் சேர்க்கலாம், எழுதுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் இல்லை.

பின்னால் என்ன இணைப்பு? 'சர்ப்ரைஸ்டு', 'ஷாக்டு', 'அமேஸ்டு' மூன்றுக்கும் 'அட்' அல்லது 'பை'. பார்த்து, கேட்டு, தெரிந்து என்று வினை வந்தால் 'டு சீ', 'டு ஹியர்', 'டு லேர்ன்'. 'டேக்கன் அபேக்' பின்னால் பெரும்பாலும் 'பை'. 'சர்ப்ரைஸ்டு வித்' என்பது வேறு கதை: ஒருவர் ஒரு பொருளைக் கொண்டுவந்து நம்மை ஆச்சரியப்படுத்தினால் 'ஷி சர்ப்ரைஸ்டு மீ வித் எ நியூ ஃபோன்'. அப்புறம் எழுத்துக்கூட்டல். சர்ப்ரைஸில் இரண்டு ஆர் இருக்கிறது. முதலாவதை விழுங்கிவிட்டு எழுதுவது ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் செய்கிற தவறு.

எதிரில் ஆள் இருக்கும்போது

எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கிறது. பேச்சில் ஒரு நொடிதான். தோழி வந்து 'எனக்கு வேலை கிடைச்சிருச்சு' என்கிறாள். அப்போது 'ஐ ஆம் அஸ்டானிஷ்டு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது பொருந்தவும் பொருந்தாது, உனக்கா வேலை என்பது போல ஆகிவிடும். 'நோ வே!' என்று குரலைத் தூக்கிச் சொல்லுங்கள். 'யூ ஆர் கிட்டிங்!', 'சீரியஸ்லி?', 'தட்ஸ் அமேசிங்!' எல்லாம் சரி. இங்கே சொல்லைவிடக் குரல்தான் பேசும். 'நோ வே' என்பதையே குரல் ஏறாமல் தட்டையாகச் சொன்னால் முடியவே முடியாது என்ற மறுப்பு. 'சீரியஸ்லி' என்பதைக் கண்ணை மூடிப் பெருமூச்சோடு சொன்னால் எரிச்சல். 'ரியலி' ஏறினால் ஆர்வம், இறங்கினால் நம்பிக்கையின்மை. நம் 'அப்படியா' எத்தனை விதமாக வளையும் என்று யோசித்துப் பாருங்கள். அதே வளைவுதான், புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

அமெரிக்கப் பேச்சில் 'கெட் அவுட்!' என்றும் 'ஷட் அப்!' என்றும் ஆச்சரியத்துக்குச் சொல்வார்கள். போடா, சும்மா இரு என்று நாமும் நண்பனின் நல்ல செய்திக்குச் சொல்வதில்லையா? முதல் தடவை கேட்பவருக்கு முகம் சுருங்கிவிடும். அவர்கள் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள், நீங்கள் சொல்வதானால் ரொம்ப நெருங்கியவர்களிடம் மட்டும். 'யூ டோன்ட் சே' என்பது ஒரு காலத்தில் உண்மையான வியப்பு, இன்று பெரும்பாலும் கிண்டல், யாருக்கும் தெரிந்ததையே புதிதாகச் சொல்பவரிடம் சொல்வது. 'சர்ப்ரைஸ், சர்ப்ரைஸ்' என்று இரண்டு முறை தொய்வாகச் சொன்னாலும் இதே கதைதான்: எதிர்பார்த்ததுதானே.

கெட்ட செய்திக்கு இவை எதுவும் வேண்டாம். ஒருவர் வீட்டில் மரணம் என்று சொல்லும்போது வாய் தவறி 'ரியலி?' என்றோ 'நோ வே' என்றோ வந்துவிட்டால் நம்பாமல் கேட்பது மாதிரி இருக்கும். 'ஓ நோ. ஐ ஆம் சோ சாரி.' அவ்வளவே போதும். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை என்றால் 'ஐ டோன்ட் நோ வாட் டு சே' என்று இருப்பதை அப்படியே சொல்லலாம். அந்த இடத்தில் வார்த்தை வரவில்லை என்பதே மரியாதையான பதில்.

'ஓ மை காட்' எல்லோர் வாயிலும் புரண்டாலும், கடவுள் பெயரை வீணாகச் சொல்லக் கூடாது என்று நினைக்கும் ஆங்கிலம் பேசுபவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகவே 'காட்' என்பதை வளைத்து 'காஷ்', 'காலி', 'குட்னெஸ்' என்று செய்துகொண்டார்கள். பிரிட்டிஷ் 'ப்ளைமி' இப்படித்தான் வந்தது, கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும் என்ற சபதம் நசுங்கி நசுங்கி அப்படி ஆகிவிட்டது. 'க்ரைக்கி' என்பது கிறிஸ்துவின் பெயரை மறைத்தது. முதலைகளோடு கட்டிப் புரண்ட ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் அதை டிவியில் சொல்லிச் சொல்லியே உலகம் முழுக்கப் பரப்பினார். புதிய இடம், தெரியாத மனிதர் என்றால் 'மை குட்னெஸ்' சொல்லிவிடுங்கள், யார் மனதும் புண்படாது.

'ஓஎம்ஜி' என்பது செல்போன் காலத்துச் சுருக்கம் என்று நினைத்திருந்தேன். 1917 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது, விரிவாக்கத்தையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். எழுபது தாண்டிய கடற்படைத் தளபதி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது 2011-இல்தான். இன்னொரு உபரித் தகவல்: கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து ஒரே குறியாக இருக்கட்டும் என்று மார்ட்டின் ஸ்பெக்டர் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 1962-இல் 'இன்டரோபேங்' என்று ஒன்றை உருவாக்கினார், சில தட்டச்சு இயந்திரங்களில்கூட அது வந்தது. ஆனால் பெரிதாக ஓடவில்லை. நாம் இன்றும் இரண்டையும் தனித்தனியாகத்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம். அலுவலக மெயிலில் அந்த இரண்டையும் சேர்த்துப் போடுவது கத்துவதற்குச் சமம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பார்த்து நடக்க வேண்டிய சில சொற்கள்

'நான்ப்ளஸ்டு' என்றால் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்பது. ஆனால் அமெரிக்காவில் பலர் இதை நேர் எதிராக, கொஞ்சமும் அசராமல் இருப்பது என்ற பொருளில் சொல்கிறார்கள். யார் எழுதினார்கள் என்று பார்த்துத்தான் அர்த்தம் எடுக்க வேண்டும். நான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். 'பெம்யூஸ்டு' பார்க்க 'அம்யூஸ்டு' மாதிரி இருக்கும், சிரிப்பு என்று நினைத்துவிடுவோம். அது குழப்பம். 'ஸ்டன்னிங்' என்று ஒரு மனிதரைச் சொன்னால் அழகு, தோல்வியைச் சொன்னால் அதிர்ச்சி.

'ஆவ்ஃபுல்', 'ஆசம்' இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை, மெய்சிலிர்க்க வைக்கும் பிரமிப்பு அது. ஒன்று மகாமோசம் என்று ஆகிவிட்டது, மற்றது சூப்பர் என்று ஆகிவிட்டது. அதனால் உண்மையிலேயே பிரமித்து நின்றதைச் சொல்ல இன்று 'ஆசம்' போதாது, அது பேனா நன்றாக எழுதினாலும் சொல்லும் சொல்லாகிவிட்டது. 'ஆஸ்ட்ரக்' என்று போடுங்கள். 'இன்க்ரெடிபிள்', 'அன்பிலீவபிள்' இரண்டும் நம்ப முடியாதவை என்று தொடங்கின. இப்போது முதலாவது பெரும்பாலும் பாராட்டு, இரண்டாவது பாதிக்குப் பாதி திட்டு.

சில தொடர்களைப் படத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. தெளிந்த வானத்திலிருந்து திடீரென்று விழும் இடி, 'எ போல்ட் ஃப்ரம் த ப்ளூ'. அதைச் சுருக்கி 'அவுட் ஆஃப் த ப்ளூ' என்றால் முன்பின் அறிகுறி இல்லாமல் என்று பொருள், இது தினமும் பயன்படும். ஒருவர் எல்லோரும் கூடியிருக்கும்போது குண்டைத் தூக்கிப் போட்டால் 'ஹி டிராப்டு எ பாம்ஷெல்', இங்கே மட்டும் தமிழும் ஆங்கிலமும் கைகோத்துக்கொண்டு போகின்றன. அசந்திருக்கும்போது மாட்டிக்கொண்டால் 'ஐ வாஸ் காட் ஆஃப் கார்ட்'. இறகால் தட்டினால்கூட விழுந்திருப்பேன் என்று ஒன்று உண்டு, 'யூ குட் ஹேவ் நாக்டு மீ டவுன் வித் எ ஃபெதர்', கொஞ்சம் பழைய வாடை, வயதானவர்கள் சொல்லிக் கேட்க அழகாக இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாயில் ஏற்றப் பார்க்காதீர்கள். எழுத்துக்கு 'டேக்கன் அபேக்', 'இட் கேம் அஸ் எ சர்ப்ரைஸ்', பேச்சுக்கு 'நோ வே', பாராட்டுக்கு 'ப்ளோன் அவே', துக்கத்துக்கு 'ஐ ஆம் சோ சாரி', இந்த ஐந்தும் கைவசம் இருந்தால் முக்கால்வாசிச் சமயம் ஒப்பேற்றிவிடலாம். மற்றவற்றைப் படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். ஒரு புதுச் சொல் கண்ணில் பட்டால் அகராதி அர்த்தத்தோடு நிற்காமல், அதை யார், யாரிடம், நல்லதற்கா கெட்டதற்கா சொன்னார்கள் என்று பக்கத்தில் ஒரு வரி தமிழில் குறித்து வைப்பது என் பழக்கம். 'அப்பால்டு: பெரியவர், பத்திரிகைக்கு, ஊழலைப் பற்றி' என்கிற மாதிரி. அந்த ஒரு வரி பத்து உதாரண வாக்கியத்துக்குச் சமம்.

டிசைனரிடம் அன்று காலை என்ன செய்தேன் என்று கேட்டால், முதலில் அவருடைய பக்க நீள மெயிலை இரண்டு தரம் படித்தேன், தலையில் அடித்துக்கொண்டேன், அகராதியைப் புரட்டினேன். அப்புறம் எழுதினேன்: 'சாரி, ராங் வேர்ட். ஐ வாஸ் ப்ளோன் அவே. ப்ளீஸ் டோன்ட் சேஞ்ச் எனிதிங்.' பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது. 'ஃப்யூ. யூ ஸ்கேர்டு மீ.'